பொரிப்பகத்தில் முட்டையிலிருந்து பொரித்த மீன்குஞ்சுகளைக் கடலில் விட்டதால் மீன்வளம் கூடியதா என்று எப்படிக் கண்டறிவது?

"இத்தனை லட்சம் குஞ்சு விட்டோம்" என்ற கணக்கை முதலில் ஓரம் வையுங்கள். அது செலவைச் சொல்லும், பலனைச் சொல்லாது. நார்வேயின் ஃபிளோடேவிகன் பொரிப்பகம் 1880-களில் தொடங்கி 1971 வரை காட் மீனின் இளங்குஞ்சுகளைக் கடலில் விட்டது. பலன் இருந்ததா என்ற சர்ச்சை கடைசிவரை ஓயவில்லை. விட்ட குஞ்சைப் பிறகு அடையாளம் காண முடியாமல் போனது பெரிய காரணம்.

இன்று வழி இருக்கிறது. பொரிப்பகத்துத் தண்ணீரின் வெப்பநிலையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் ஏற்றி இறக்கினால், மீனின் தலைக்குள் உள்ள காதுக்கல்லில் அதற்கேற்ற வளையங்கள் விழும், பார்கோடு மாதிரி. மீன் வளர்ந்து வலையில் சிக்கும்போது அந்தக் கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் பிறந்த இடம் தெரிந்துவிடும்.

சரி, பிடிபட்டதில் மூன்றில் ஒரு பங்கு விட்ட மீன் என்றால் வெற்றிதானா? அவசரப்படாதீர்கள். மொத்தப் பிடிப்பு ஏறாமலே இருந்தால், அவை இரையையும் ஒதுங்குமிடத்தையும் பறித்து இயற்கை மீன்களைத் தள்ளிவிட்டிருக்கலாம். இதைச் சோதிக்காத எந்த மதிப்பீட்டையும் நான் ஏற்கமாட்டேன். குஞ்சு விடாத, ஒத்த தன்மையுள்ள இன்னொரு கடற்பகுதியோடும், விடுவதற்கு முந்தைய ஆண்டுகளின் தரவோடும் ஒப்பிட்டே ஆகவேண்டும்.

அப்புறம், சில தாய்மீன்களிலிருந்தே எல்லாக் குஞ்சுகளையும் எடுத்தால் மரபணுப் பல்வகைமை சுருங்கும். அதையும் கண்காணிக்க வேண்டும். பிடிபட்ட ஒரு மீனுக்கு ஆன செலவை வகுத்துப் பாருங்கள். அதே பணத்தில், இளமீன்கள் ஒதுங்கி வளரும் கடற்புல் படுகைகளை மீட்டிருந்தால் எவ்வளவு மீன் கிடைத்திருக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.