அரசியைக் காக்கவைத்தவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனை சுசான் லெங்லென் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். சில விஷயங்கள் உறுத்துகின்றன. 1921இல் அமெரிக்காவில் தோல்வி நெருங்கியதும் பாதி ஆட்டத்தில் வெளியேறினார். 1926இல் விம்பிள்டனில் அரசியையே காக்கவைத்தார். அதே ஆண்டு காசுக்காக அமெச்சூர் (பணம் வாங்காமல் ஆடும்) டென்னிஸைக் கைகழுவினார். இவரை மாபெரும் ஆட்டக்காரர் என்று கொண்டாடுவது சரியா? இன்னொரு கேள்வி: அமெரிக்க வீராங்கனை ஹெலன் வில்ஸுடன் மறுபடி மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்?

கி., தஞ்சாவூர்

அன்புள்ள கி.,

முதல் குற்றச்சாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அந்த ஆட்டத்தில் எதிராளி மொல்லா மல்லரி முதல் செட்டை 6-2 என்று எடுத்துவிட்டார். இரண்டாம் செட்டில் இரண்டு புள்ளிகள் போனதும் சுசான் இருமியபடி மைதானத்தை விட்டுப் போனார். உடம்பு சரியில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வென்றுகொண்டிருந்தால் போயிருப்பாரா? அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதியில் அதே மல்லரியை 6-2, 6-0 என்று 26 நிமிடங்களில் முடித்து அனுப்பினார். கணக்கு தீர்ந்தது, கறை போகவில்லை.

ஆனால் இதை வைத்து அவரை நெஞ்சுரம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. 1919இல் முதல்முறை விம்பிள்டன் வந்தபோது வயது 20. எதிரே ஏழு முறை பட்டம் வென்ற டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், வயது 40. இரண்டு மேட்ச் பாயிண்டுகளிலிருந்து (எதிராளி இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டம் முடிந்துவிடும் நிலை) தப்பித்து 10-8, 4-6, 9-7 என்று வென்றார். நடுவில் தந்தை ஷார்ல் பார்வையாளர் பக்கத்திலிருந்து பிராந்தியில் நனைத்த சர்க்கரைக் கட்டிகளை வீசிக்கொண்டிருந்தார். மைதானத்தில் கைக்குட்டையைப் போட்டு, பந்தை அதன்மேல் விழவைக்கச் சொல்லி மகளைப் பழக்கிய மனிதர் அவர்.

1926 பிப்ரவரியில் பிரான்சின் கான் நகரில் ஹெலன் வில்ஸுடன் நடந்த ஆட்டத்தையும் பாருங்கள். மரங்களின் மேலும் கூரைகளின் மேலும் கூட்டம். முதல் செட் 6-3. இரண்டாவதில் சுசான் 6-5 முன்னிலை, மேட்ச் பாயிண்ட். ஹெலன் மூலையைப் பார்த்து அடித்தார். ‘அவுட்’ என்றொரு குரல். இருவரும் கைகுலுக்கிவிட்டார்கள், கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. அப்போது கோட்டு நடுவர் நெரிசலை விலக்கிக்கொண்டு வந்து, குரல் கொடுத்தது தானல்ல, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். வென்றதாகக் கைகுலுக்கிய பிறகு திரும்பவும் ஆட வேண்டும்! அந்த கேம் ஹெலனுக்குப் போய் 6-6 ஆனது. பயந்த சுபாவக்காரி அங்கேயே நொறுங்கியிருப்பார். சுசான் 8-6 என்று முடித்தார்.

அரசி மேரியின் விவகாரத்தில் நீங்கள் சற்று அதிகமாகவே கொதிக்கிறீர்கள். இரட்டையர் ஆட்டம் இருந்த நாளில் ஒற்றையர் ஆட்டமும் சேர்க்கப்பட்டிருந்தது. தனக்குத் தகவல் வரவில்லை, தாமதம் அதனால்தான் என்றார் சுசான். பத்திரிகைகள் பொரிந்து தள்ளின. ஆறு முறை ஒற்றையர் பட்டம் வென்ற போட்டியிலிருந்து விலகினார். அவருக்கு அகம்பாவம் உண்டு, மறுக்கவில்லை. ஒரு ஆட்ட அட்டவணைக் குளறுபடியை ராஜத் துரோகமாக்கியது ஊரின் அகம்பாவம்.

பணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் முழுதாக மறுப்பது இதைத்தான். அவரைப் பார்க்க ஜனம் முண்டியடித்தது. 1922இல் விம்பிள்டன் பெரிய இடத்துக்கு மாறியதில் அவருக்கும் பங்குண்டு. டிக்கெட் பணம் முழுக்கப் போட்டி நடத்துகிறவர்களுக்கு. ஆடுகிறவருக்குக் கோப்பை, கைதட்டல். போதாததற்கு நுழைவுக் கட்டணம் வேறு. தான் சங்கங்களுக்கு அவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தும், அதற்காகத் தானே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது என்று அவரே பின்னர் பொருமினார். சொத்துள்ளவர்கள் வகுத்த விதி அது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கண்ணியம். சி. சி. பைல் என்ற அமெரிக்க ஏற்பாட்டாளர் 50,000 டாலர் தருகிறேன் என்றார், போனார். தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டன் கதவு திறக்க 1968 ஆயிற்று. இன்று கோடிகளில் பரிசு வாங்குகிறவர்களை நாம் யாரும் திட்டுவதில்லையே?

அந்தச் சுற்றுப்பயணம் சுவாரசியமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மேரி கே. பிரவுனுடன் 38 முறை ஆடி, 38 முறையும் வென்றார். முடிவு தெரிந்த பந்தயத்தை யார் எத்தனை நாள் பார்ப்பது?

ஹெலனைப் பற்றிய உங்கள் சந்தேகம் தீர வழியில்லை. 1926இல் பாரிஸில் நடந்த பிரெஞ்சுப் போட்டியிலிருந்து குடல்வால் அறுவை சிகிச்சையால் ஹெலன் விலகினார், விம்பிள்டனுக்கும் வரவில்லை. அதற்குள் சுசான் தொழில்முறைக்குப் போய்விட்டார். 1927 விம்பிள்டனுக்குப் பிறகு 1933 விம்பிள்டன் இறுதிவரை ஹெலன் ஒற்றையரில் ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. பந்தயம் கட்டச் சொன்னால், 1926இல் என் காசு சுசான் மேல், 1928இல் ஹெலன் மேல். 1927 என்றால் பர்ஸை எடுக்க மாட்டேன்.