பழைய எக்ஸ்எல் சூப்பரா, புது எக்ஸ்எல் 100-ஆ?

அண்ணே, உங்க 2009 மாடல் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் மொபெட் தக்காளிப் பெட்டியோட மேட்டுல இழுக்கல, மெக்கானிக் இன்ஜின் சிலிண்டரைக் கடைஞ்சு போர் போடணும்னு சொல்றார், பையன் புது எக்ஸ்எல் 100 வாங்கலாம்கிறான்னு கேட்டிருந்தீங்க. நானும் பாலக்கோடு பக்கம்தான், அந்த வண்டியை நல்லாவே தெரியும்.

போருக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி சைலன்சரைக் கழற்றிப் பாருங்க. உங்களோடது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், அதுல பெட்ரோலோட ஆயில் கலந்து எரியறதால உள்ளே கரி அடைச்சிக்கும், புகை வெளியேறாது, இழுவை செத்துடும். எனக்கு ஒரு தடவை பிஸ்டனே மாத்தணும்னு சொன்னாங்க. கரியைச் சுரண்டினதும் வண்டி பறந்துச்சு. அதுக்கப்புறமும் கிக்கர் லேசா இறங்கினா, சூடானதும் இன்னும் மோசமானா, பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர் தேஞ்சிருக்குனு எடுத்துக்கலாம்.

ஆனா இன்ஜினை விட சேசிஸ்தான், அதாவது வண்டியைத் தாங்குற இரும்புச் சட்டம்தான் முக்கியம். பெட்டி ஏத்தி ஏத்தி ஃபுட்போர்டுக்குக் கீழே துரு ஏறி, வெல்டிங்ல விரிசல் தெரிஞ்சா போர் வேலையே வேண்டாம். ஆர்சி புக் (வண்டிப் பதிவு) வேற 15 வருஷம் தாண்டிடுச்சு. புதுப்பிச்சாச்சா?

புது எக்ஸ்எல் 100, 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், ஆயில் கலக்குற வேலை இல்ல. நம்ம ஓசூர்ல ஃபேக்டரி வச்சிருக்கிற டிவிஎஸ் வண்டி, பார்ட்ஸ் கிடைக்கும். ஒரே குறை, இப்போ வர்றது ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கார்பரேட்டருக்குப் பதிலா எலக்ட்ரானிக்ஸ் வச்சு பெட்ரோல் விடுற முறை. மரத்தடி மெக்கானிக் ஸ்பேனரோட சரி பண்ண முடியாது.

சேசிஸ் நல்லா இருந்தா இந்த சீசனைப் பழசுலயே ஓட்டுங்க. தக்காளி விலையை நம்பி மட்டும் தவணை போடாதீங்க அண்ணே.