எதை வாங்கலாம், எதை விடலாம்? – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். தினமும் ரயிலில் திருநெல்வேலி போய் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூட நாளில் அம்பையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கேம் கடையில் டெக்கனும் ரெஸ்லிங்கும் ஆடியதோடு சரி. ஜப்பான் ஆர்பிஜி கேம்களைப் பற்றி, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி நீண்ட கதைக்குள் ஆடுகிற கேம்களைப் பற்றி, நீங்கள் எழுதுவதைப் படித்து இப்போது ஆசை வந்துவிட்டது. ஆனால் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். ஃபைனல் ஃபேன்டசி மட்டுமே 16 வரை போகிறது. ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? என்னிடம் இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப். 1,500 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிகம். நண்பன் ஒருவன் எமுலேட்டரில் (பழைய கேம் பெட்டிகளின் கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) எல்லாவற்றையும் சும்மாவே தருகிறேன் என்கிறான். முப்பது வருஷப் பழைய கேமுக்குக் காசு கொடுப்பது வீண் என்று வீட்டில் சொல்கிறார்கள். கையில் பிடித்து ஆடுகிற கேம்பேட் தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

க., கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். ஃபைனல் ஃபேன்டசியில் ஒவ்வொரு எண்ணும் தனிக்கதை. ஐந்தை ஆடாமல் ஆறை ஆடினால் ஒன்றும் குறைந்துவிடாது. 1986இல் வந்த முதல் டிராகன் குவெஸ்டும் 1987இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டசியும்தான் இந்த வகைக்கு வேர் என்பது உண்மை. ஆனால் அந்த முதல் டிராகன் குவெஸ்டில் பாதி நேரம் ஒரே வெளியைச் சுற்றிச் சுற்றி வந்து அரக்கர்களை அடித்து, காசு சேர்த்து, அடுத்த வாளை வாங்குவதிலேயே போய்விடும். ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர் அதில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. வரலாற்றுக்காக ஆடுவதென்றால் பின்னால் ஆடிக்கொள்ளலாம்.

உங்கள் அம்பைக் கடையில் இவை ஏன் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலும் அதே கதைதான். 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி ஏழு மூன்று டிஸ்க். கதையை முடிக்க எப்படியும் 40 மணி நேரம் ஆகும். மெமரி கார்டு இல்லையென்றால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மணிக்கணக்கில் காசு வாங்குகிற கடைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஆடி ஐந்து நிமிஷத்தில் முடிகிற சண்டைதான் தோது. ஆக, நம் பக்கத்தில் ஒரு தலைமுறை முழுக்க பிளேஸ்டேஷனைத் தொட்டுப் பார்த்தும், அதன் மிகச் சிறந்த கதைகள் கைக்கு வராமலே போயிற்று. அதனால்தான் இப்போது 30 வயதில் நீங்கள் கேட்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நான் எதை வாங்கச் சொல்வேன் என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல்தான். கதையை வெறுமனே காட்டிவிட்டுப் போகாமல், நீங்கள் கையால் செய்ததை எடுத்துக் கதைக்குள் வைக்கிற கேமாக இருக்க வேண்டும். நல்ல கதை வேண்டுமென்றால் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தால் செய்ய முடியாததை இவை செய்கின்றன. அதற்குத்தான் காசு.

முதலில் வாங்க வேண்டியது குரோனோ டிரிகர். 1995இல் நின்டென்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்ற கேம் பெட்டிக்கு வந்தது. ஃபைனல் ஃபேன்டசியை உருவாக்கிய சகாகுச்சி, டிராகன் குவெஸ்டை உருவாக்கிய ஹோரி, ஓவியர் தொரியாமா மூன்று பேரும் சேர்ந்து செய்தது. தொடக்கத்தில் ஒரு திருவிழா. மேளதாளம், பந்தயம், பலகாரம். கூட்டத்தில் ஒரு பெண்மேல் மோதிவிடுவீர்கள், அவள் கழுத்தில் கிடந்த பதக்கம் தெறித்து விழும். பதக்கத்தை முதலில் எடுக்கலாம், அவளுக்கு அடி பட்டதா என்று முதலில் பார்க்கலாம். ஒரு மேஜையில் யாரோ ஒருவருடைய சாப்பாடு இருக்கும், பட்டனைத் தட்டினால் தின்றுவிடலாம். ஒரு சின்னப் பெண் பூனையைத் தொலைத்துவிட்டு நிற்பாள். எல்லாவற்றையும் விளையாட்டாகச் செய்துவிட்டுப் போய்விடுவீர்கள். கொஞ்ச நேரம் கழித்து உங்களை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். அங்கே சாட்சி சொல்ல வருகிறவர் சாப்பாட்டுக்காரர். பூனையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தால் அந்தச் சின்னப் பெண் உங்கள் பக்கம் பேசுவாள். நீங்கள் மறந்துபோன ஒவ்வொரு பட்டனையும் கேம் எழுதி வைத்திருக்கிறது. இதை ஆடிய அன்றைக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதைவிட முக்கியம், உங்கள் நேரத்தை அது வீணாக்காது. எதிரிகள் பெரும்பாலும் கண்முன்னே நிற்பார்கள். பழைய கேம்களைப் போல நாலு அடிக்கு ஒரு தடவை திடீர்ச் சண்டை வந்து வழியை மறிக்காது. 25 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். உங்கள் லேப்டாப்பிலும் ஓடும். 2018இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கணினிக்கு வந்தபோது எழுத்தும் படங்களும் அலங்கோலமாக இருந்தன, ஆடியவர்கள் கொதித்துப்போனார்கள். அந்த வருஷமே பேட்ச் மேல் பேட்ச், அதாவது திருத்தத்துக்கு மேல் திருத்தம், விட்டு சரிசெய்துவிட்டார்கள். அந்தக் காலத்து வசவுகள் இன்னும் தேடலில் வரும், அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

இரண்டாவது, டிராகன் குவெஸ்ட் ஐந்து. முதலில் 1992இல் வந்தது. இது கணினிக்கு வரவில்லை, ஃபோனுக்கு இருக்கிறது. ஃபோனை நிமிர்த்திப் பிடித்து ஒரு கையால் ஆடுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். செங்கோட்டை வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கிற உங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், விளம்பரம் கிடையாது. கதை ஒரு ஆளின் முழு வாழ்க்கை. சின்னப் பையனாக அப்பாவோடு ஊர் ஊராக நடப்பீர்கள். வழியில் சண்டை வந்தால் உங்கள் கம்பு எதிரியின் உயிரில் ஒன்றோ இரண்டோ குறைக்கும், அப்பா ஒரே வீச்சில் முடித்துவிடுவார். சண்டை முடிந்ததும் நீங்கள் கேட்காமலே அவர் மந்திரம் போட்டு உங்கள் காயத்தை ஆற்றிவிட்டு நடப்பார். மெனுவைத் திறக்கவே தேவையிருக்காது. பிறகு ஒரு கட்டத்தில் அப்பா கூட இருக்க மாட்டார். அதன்பின் முதல் சண்டை முடிந்ததும் காயம் அப்படியே இருக்கும். நீங்களே பையைத் திறந்து மூலிகையைத் தேட வேண்டும். ஒரு வசனம்கூட இல்லாமல் அந்த இழப்பு உறைக்கிறது. அப்புறம் கல்யாணம், யாரைக் கட்டுவது என்பது உங்கள் முடிவு. பிள்ளைகள் பிறந்து கூடச் சண்டைக்கு வருவார்கள். மூன்று தலைமுறை.

இவை முடிந்தபின் ஃபைனல் ஃபேன்டசி ஆறு. 2022இல் வந்த பிக்ஸல் ரீமாஸ்டரை, அதாவது பழைய கேமை மெருகேற்றிய பதிப்பை, வாங்குங்கள். இப்போதைய பதிப்பில் திடீர்ச் சண்டைகளை நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது, ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கு அது பெரிய உபகாரம். பாதிக் கதையில் உலகமே இடிந்துபோகும். ஒரு சின்னத் தீவில் நோயாளிக் கிழவருக்கு மீன் பிடித்துக் கொடுப்பீர்கள். எந்த மீனைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவர் பிழைப்பதும் போவதும். அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

சூய்கோடன் ஒன்றும் இரண்டும் சேர்த்து 2025இல் ரீமாஸ்டராக வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 108 பேரைத் தேடிச் சேர்த்து ஒரு கோட்டையை ஊராக்குவது. சிலரைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் சேர்க்காவிட்டால் கடைசிவரை கிடைக்க மாட்டார்கள், 108 பேரும் வந்தால்தான் சரியான முடிவு. ஆகவே யாராவது போட்ட பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடுங்கள், தப்பில்லை.

இப்போதைக்கு விட வேண்டியவை. பெர்சோனா ஐந்து ராயல் அருமையான கேம், ஆனால் 100 மணி நேரம் கேட்கும். ராத்திரி ஒரு மணி நேரம் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். பெர்சோனா நாலில் முதல் சண்டை வருவதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேச்சுதான். டிராகன் குவெஸ்ட் மூன்றின் 2024 மறு ஆக்கம் கண்ணுக்கு விருந்து, உங்கள் லேப்டாப் திணறும். ஃபைனல் ஃபேன்டசி ஏழை ஆடுவதானால் பழைய ஏழையே. 2020லும் 2024லும் வந்த மறு ஆக்கங்கள், அதே கதையை மூன்று துண்டாகப் பிரித்து விரித்துச் சொல்வதில் முதல் இரண்டு துண்டுகள். பழையதில் ஆட்கள் கட்டம் கட்டமாகப் பொம்மை மாதிரி இருப்பார்கள், ஆனாலும் கதை முழுதாக ஒரே இடத்தில் இருக்கிறது.

நண்பர் தரும் பொட்டலத்தைப் பற்றி. கடையில் கிடைக்கிற கேமைக் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை, செய்தவர்களுக்கு நாம் காட்டும் மரியாதை அது. இன்னொன்றும் உண்டு. ஆயிரம் கேம் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் ஒன்றையும் ஆட மாட்டீர்கள். இது பத்து நிமிஷம், அது பத்து நிமிஷம் என்று போய்விடும். இந்தக் கேம்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு மூன்று நாள் மெதுவாகத்தான் நகரும். காசு கொடுத்தவர்தான் நாலாவது நாளும் உட்காருவார்.

வாங்கும் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஸ்டீமில் ரூபாயிலேயே விலை, யுபிஐயில் கட்டலாம். வருஷா வருஷம் ஜூன் கடைசியில் பெரிய தள்ளுபடி வரும், நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழாவை ஒட்டி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரிலும் உண்டு. குரோனோ டிரிகர் பாதி விலைக்கு வருவது வழக்கம். பிடிக்கவில்லை என்றால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். குரோனோ டிரிகரில் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். பெர்சோனா மாதிரி கேமில் தெரியாது. தள்ளுபடியில் நாலைச் சேர்த்து வாங்காமல், ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை வாங்குங்கள். உங்கள் 1,500 ரூபாய் நிறைய நாள் வரும்.

கேம்பேட் இப்போது தேவையில்லை. எல்லாமே முறை வைத்து அடிக்கிற சண்டைகள், விரல் வேகம் கேட்பவை அல்ல. குரோனோ டிரிகரிலும் ஃபைனல் ஃபேன்டசி ஆறிலும் நீங்கள் பட்டியலைத் திறந்து யோசிக்கும்போது எதிரி அடித்துவிடாமல் இருக்க, செட்டிங்கில் ‘வெயிட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டே போதும்.

அன்புடன்.