“அவர் கொண்டுபோய் விட்டுவிடுவார்!”

கேள்வி: வயது 36. டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். அமெரிக்கா வந்து ஒன்பது வருடமாகிறது. கோவையில் 2010-ல் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். இப்போது கிரீன் கார்டு வந்துவிட்டதால், கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி நர்சிங் படிக்க ஆசை. நாலு வருட பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலைப் பட்டம்) படித்தால்தான் மதிப்பு என்கிறார்கள் தோழிகள். இந்த வயதில் முடியுமா? பழைய டிகிரி உதவுமா? 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அது பிரச்சினை இல்லை. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, எங்கே என்றாலும் அவர் கொண்டுபோய் விட்டுவிடுவார்.
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: வயதைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. அதற்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. 36 ஒரு வயதா என்ன! “பிரச்சினை இல்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனீர்களே, எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

நர்சிங் படிப்பில் ஆஸ்பத்திரிக்கே போய் நோயாளிகளோடு செய்யும் பயிற்சிதான் கிளினிக்கல். அது எப்படி இருக்கும் என்று தெரியுமா? ஆஸ்பத்திரியில் காலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும். இரவு நர்ஸ் நோயாளியை ஒப்படைத்துச் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால், 6.30-க்கே யூனிபார்மில் அங்கே இருக்கச் சொல்வார்கள். பத்து நிமிடம் பிந்தினால் திருப்பி அனுப்பி, அதை ஆப்சென்ட் என்று எழுதும் காலேஜ்கள் நிறைய. அப்படி இரண்டு மூன்று சேர்ந்தால் அந்தப் பாடமே போச்சு. ஆஸ்பத்திரியும் ஒரே இடமில்லை. மெட்-சர்ஜ் எனப்படும் பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டு ஒரு ஊரில், பிரசவ வார்டு இன்னொன்றில், குழந்தைகள் வார்டும் மனநலமும் வேறெங்கோ. முக்கால் மணி நேர டிரைவ் சர்வசாதாரணம். கடைசி செமஸ்டரில் ஒரு நர்ஸோடு ஒட்டவைப்பார்கள். அவருக்கு நைட் ஷிப்ட் என்றால் உங்களுக்கும் நைட் ஷிப்ட்.

இப்போது உங்கள் வீட்டைப் பார்ப்போம். விடியற்காலை 5.30-க்கு உங்களைக் கொண்டுபோய் விட அவர் கிளம்பினால், தூங்குகிற இரண்டு பிள்ளைகளும் எங்கே? காரின் பின் சீட்டிலா, பூட்டிய வீட்டுக்குள்ளா? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து இரவு ஏழரைக்கு அழைத்துவர வேண்டுமே, அப்போது? இதை ஒரு நாள் செய்யலாம். இரண்டு வருடம் செய்ய முடியாது. மூன்றாவது மாதம் அவருக்கு ஒரு முக்கியமான மீட்டிங் வரும், உங்களுக்கு ஆப்சென்ட் விழும், இருவரும் பேசாமல் இருப்பீர்கள். பிறகு “இந்தப் படிப்பு நமக்குச் சரிப்படாது” என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பீர்கள்.

குடும்பத்தை ஓரம் கட்டிவிட்டுப் படி என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். அதனால்தான் சொல்கிறேன்: அந்த நாட்களில் உங்கள் கணவரின் கடமை வீட்டில் இருப்பது. பிள்ளைகளை எழுப்பி, தோசை வார்த்துக் கொடுத்து, பஸ் ஏற்றுவது. டெக்சாஸ் மாதிரி ஊரில் ஒன்பது வருடம் கார் தொடாமல் ஓட்டிவிட்டீர்கள். அதில் உங்கள் பயம் பாதி, அவர் செல்லம் பாதி. இரண்டும் இத்தோடு போதும். நாளைக்கு வார்டில் நடுராத்திரி ஒரு நோயாளியின் மூச்சு இழுத்தால், யாரையும் எதிர்பார்க்காமல் முதல் காரியத்தைச் செய்ய வேண்டியவர் நீங்கள்.

பழைய டிகிரி? வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிட்டுத் தரும் வெஸ் (WES) போன்ற நிறுவனத்தில், ஒவ்வொரு பாடமாகப் பார்க்கும் ‘கோர்ஸ் பை கோர்ஸ்’ மதிப்பீடு வாங்கிக் காலேஜில் கேட்டுப் பாருங்கள். பொதுப் பாடம் ஒன்றிரண்டுக்கு விலக்கு கிடைக்கலாம். அறிவியல் பாடங்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல காலேஜ்களில் அனாடமி-பிசியாலஜி, மைக்ரோபயாலஜி ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும். 2010 காலாவதி. மைக்ரோபயாலஜி பட்டம் பெற்றவர் மறுபடி மைக்ரோபயாலஜியா என்று முகம் சுளிக்காதீர்கள்; அதில் ஏ கிரேடு உங்களுக்குக் கைமேல் கனி. சீட்டுக்கு மதிப்பெண் கணக்கிடும்போது இந்தப் பாடங்களின் கிரேடுதான் பேசும். அனாடமி-பிசியாலஜி ஒன்றும் இரண்டும் வரிசையாகத்தான் எடுக்க முடியும் என்பதால் இதற்கே ஒரு வருடம் ஓடிவிடும். ஆக, இரண்டு வருடப் படிப்பு உண்மையில் மூன்று வருடம். நுழைவுத் தேர்வு சில இடங்களில் ஹெசி ஏ2, சில இடங்களில் டீஸ். ஒன்றுக்குப் படித்துவிட்டு இன்னொன்று கேட்கும் காலேஜுக்குப் போய் நிற்காதீர்கள்.

ஊசிக் கணக்கை இப்போதே தொடங்குங்கள். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸுக்கு ஆறு மாதம் பிடிக்கும். சீட் கிடைத்த பிறகு ஓடினால் கிளினிக்கலுக்கு விடமாட்டார்கள். காசநோய்க்குத் தோலில் போடும் டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிறுவயதில் பி.சி.ஜி. போட்டவர்களுக்கு அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைச்சல். குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

உள்ளே போன பின் நம்மவர்கள் சறுக்குவது மனப்பாடத்தில். தேர்வுக் கேள்வியில் கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் சரியாகவே இருக்கும்; எதை முதலில் செய்வாய் என்பதுதான் கேள்வி. பாஸ் மார்க் பெரும்பாலும் 75-க்கு மேல், 74.9 வாங்கினால் 75 ஆக்கித் தரமாட்டார்கள். மருந்துக் கணக்குத் தேர்வில் 90, சில இடத்தில் 100 கேட்பார்கள். ஒரு சாதாரணக் கணக்கு: 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு. மணிக்கு 125 மில்லி. 15-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 31.25. அப்படியே எழுதினால் தப்பு. கால் சொட்டு எங்கே விழும்? நிமிடத்துக்கு 31 சொட்டு. அதே போல அரை மில்லிகிராமை .5 என்று எழுதாதீர்கள், 0.5 என்று எழுதுங்கள். புள்ளி கண்ணில் படாவிட்டால் நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும்.

பி.எஸ்.என். தோழிகளுக்கு: இரண்டு படிப்பை முடித்தவர்களும் நர்ஸ் உரிமத்துக்கு எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுதான், உரிமமும் ஒன்றுதான். பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். விரும்புவது உண்மை. வேலையில் சேர்ந்துகொண்டே ஆன்லைனில் ஆர்.என்.-டு-பி.எஸ்.என். முடிக்கலாம். அதற்காகவே ஏ.சி.இ.என். போன்ற நர்சிங் படிப்பு அங்கீகார அமைப்பின் அங்கீகாரம் உள்ள காலேஜாகத் தேர்ந்தெடுங்கள். டெக்சாஸ் நர்சிங் போர்டு ஒவ்வொரு காலேஜின் என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. முதல் முறை எழுதுபவர்களில் 80 சதவீதம் பேர் தேற வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் எங்கும் பணம் கட்டாதீர்கள். கிரீன் கார்டு இருப்பதால் மாணவர்களுக்கான அரசு நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவை நிரப்பும் தகுதியும் உங்களுக்கு உண்டு.

இதெல்லாம் பிறகு. இந்த வாரமே டிரைவிங் லைசென்ஸ் தரும் டி.பி.எஸ். அலுவலகத்தில் எழுத்துத் தேர்வு எழுதி லேர்னர் எடுங்கள். உங்கள் வயதுக்கு டிரைவிங் வகுப்புக் கட்டாயமில்லை. இருந்தாலும் வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள், கணவரிடம் கற்றால் சண்டைதான் மிஞ்சும். பழகுவதற்கு மட்டும் அவர் பக்கத்தில் உட்காரட்டும். ரோடு டெஸ்டில் பேரலல் பார்க்கிங் உண்டு. டி.பி.எஸ்.-ஸில் தேதி கிடைக்கத் தாமதமானால், அனுமதி பெற்ற தனியார் மையங்களிலும் அந்த டெஸ்டைக் கொடுக்கலாம். லைசென்ஸ் வந்த பிறகு, வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு இருட்டிலேயே கிளம்பி, நீங்களே தனியாக ஓட்டிப் போய்த் திரும்புங்கள். காலேஜ் விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.