சதுரம் கோணிக்கிட்டு வருதா? பால் ஸ்க்ரூவ மாத்தாதீங்க

ஏற்காட்டுலேர்ந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். வீட்டு ஷெட்லயே சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி பலகை வெட்டற மெஷின் கட்டியிருக்கார், முன்னும் பின்னும் நகர்த்த ரெண்டு பக்கமும் ஒய் மோட்டார், அது சுத்தினா கேன்ட்ரிய (குறுக்கால நிக்கிற பாலம்) தள்ற 1605 பால் ஸ்க்ரூ (16 எம்எம் தடிமன், ஒரு சுத்துக்கு 5 எம்எம் நகரும்), காபி எஸ்டேட்டுங்களுக்கு நேம் போர்டு வெட்டித் தர்றார். 500க்கு 500 எம்எம் சதுரம் வெட்டினா நாலு பக்கமும் அளவு சரியா இருக்கு, ஆனா மூலைக்கு மூலை டேப் புடிச்சா ஒரு மூலைவிட்டம் இன்னொண்ண விட 3 எம்எம் கூட வருது. கிட் வித்தவர் ரெண்டு ஸ்க்ரூவும் போச்சு, மாத்துங்கங்கறாராம்.

மாத்தாதீங்க. சாதாரண சி7 தரத்து ஸ்க்ரூவுலயே 300 எம்எம்முக்கு 0.05 எம்எம்தான் தப்பு வரும், அதுவும் பக்கத்தோட அளவுலதான் தெரியும், உங்களுக்குதான் நாலு பக்கமும் சரியா இருக்கே! இது கயித்துக்கட்டில் கோணிக்கிற கதைதான், சட்டம் எல்லாம் அதே நீளம், மூலை மட்டும் 90ல இல்ல. உங்க கேன்ட்ரி ஒரு பக்கம் முந்தி நிக்குது, அவ்ளோதான். அஸ்திவாரம் போடற மேஸ்திரிக்கு தெரிஞ்ச விஷயம், காசு வாங்கிட்டு கிட் விக்கிறவருக்கு தெரியலன்னா எப்படி? தெரியும்ங்க, ஸ்க்ரூ வித்தாதான் அவருக்கு லாபம். பில்லு கேட்டா கிடையாது, மேனுவல் கேட்டா யாருக்கும் புரியாத நாலு பக்கம், இதைக் கேக்க ஒரு ஆளும் இல்ல, எனக்கு எரிச்சலே இதுலதான்.

இன்னொருத்தர் போன்ல ஸ்டெப்ஸ் பெர் எம்எம்ம (ஒரு எம்எம் நகர மோட்டாருக்கு எத்தனை ஸ்டெப்ங்கற செட்டிங்) மாத்தச் சொல்வார், அதையும் கேக்காதீங்க. மோட்டாருக்கு ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்பையும் பிரிக்கிற மைக்ரோஸ்டெப் 8, ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 5 எம்எம் நகரும், கணக்கு 320. அதுல கை வச்சா இப்ப சரியா இருக்கற பக்கமும் கெட்டுப்போகும், கோணல் அப்படியே இருக்கும்.

மொதல்ல ஒண்ணு பாத்துடுங்க, எதுல வெட்டி அளந்தீங்க? எஸ்டேட்ல வெட்டின சில்வர் ஓக் பலகைன்னா அந்த அளவ நம்பாதீங்க. மலைப்பனியில மரம் ஈரம் குடிச்சு ரேகைக்கு (நார் ஓடற திசைக்கு) குறுக்கால உப்பும், ரேகை வாட்டத்துல அவ்வளவா உப்பாது. ரேகை பக்கத்துக்கு நேரா ஓடினா சதுரம் செவ்வகமாகும், மூலைவிட்டம் ரெண்டும் சமமாவேதான் இருக்கும், ஆனா பலகைய சாய்ச்சு வச்சு வெட்டியிருந்தீங்கன்னா ரேகையும் சாய்ஞ்சு ஓடும், அப்ப மெஷின் சரியா இருந்தாலும் மரமே கோணிக்கிட்டு காட்டும். அதனால ஸ்பிண்டில்ல (வெட்டற பிட்ட சுத்தற தலை) பேனா கட்டி, பிளைவுட்ல ஒட்டின சார்ட் பேப்பர்ல சதுரம் போட்டு உடனே அளங்க. ரெண்டு மூலைவிட்டமும் 707.1 வரணும்.

அதுலயும் 3 எம்எம் வித்தியாசம்னா வைத்தியம் சுலபம். வித்தியாசத்த 1.414 ஆல வகுங்க, 2.1 வரும், அது 500 எம்எம்முக்கு. உங்க ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல 700ன்னு எழுதியிருக்கீங்க, அப்ப சரிபண்ண வேண்டியது கிட்டத்தட்ட 3 எம்எம். கரண்ட ஆஃப் பண்ணிட்டு கேன்ட்ரி மூலை போல்ட்டுங்கள லேசா தளர்த்துங்க, ஒரு பக்கத்துல மோட்டாரையும் ஸ்க்ரூவையும் சேர்க்கற கப்ளிங்க லூஸ் பண்ணி அந்த ஸ்க்ரூவ கையால அரை சுத்துக்கு கொஞ்சம் மேல திருப்புங்க. கப்ளிங், போல்ட் எல்லாத்தையும் டைட் பண்ணி மறுபடி வரைஞ்சு பாருங்க, வித்தியாசம் கூடினா திருப்பின திசை தப்பு. 0.3க்குள்ள வந்துட்டா நேம் போர்டுக்கு தாராளம்.

மழை பெஞ்சா கரண்ட் போற ஊரு உங்களுது. கரண்ட் போனா மோட்டார் புடி விட்டுடும், யாராவது கேன்ட்ரிய ஒரு பக்கமா தள்ளினா திரும்ப கோணிக்கும். சரிபண்ண உடனே ரெண்டு பக்கமும் கடைசியில ஒவ்வொரு ஸ்டாப் போல்ட் வச்சு, கேன்ட்ரி ரெண்டையும் ஒரே நேரத்துல தொடற மாதிரி லாக் நட் போட்டுடுங்க. ஒவ்வொரு தடவையும் கேன்ட்ரிய அதுங்க மேல முட்ட வச்சுட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்க.