சாம்பல் தலை ஈப்பிடிப்பான் யாருக்கு உறவு?

கேள்வி: கோத்தகிரிப் பக்கத்துச் சோலைக்காட்டில் சாம்பல் நிறத் தலையும் மஞ்சள் வயிறும் கொண்ட சிறு பறவையைக் கண்டேன். சாம்பல் தலை ஈப்பிடிப்பான் என்றார்கள். பழைய பறவை நூல் இதை மற்ற ஈப்பிடிப்பான்களோடு ஒரே குடும்பத்தில் வைக்கிறது. புதிய பட்டியலோ பட்டாணிக் குருவிக்கு அருகில் வைக்கிறது. எது சரி?
— வாசகர், கோத்தகிரி

பதில்: புதிய பட்டியலே சரி. பழைய நூலையும் குறை சொல்வதற்கில்லை. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் பறவைகள் பலவற்றையும் ஒரே பெருங்குடும்பத்தில் சேர்ப்பதுதான் அக்கால வழக்கம். அந்த வகைப்பாடு அலகையும் இரை தேடும் முறையையும் பெரிதும் நம்பியிருந்தது. இந்தப் பறவையின் அலகோ அடியில் அகன்று தட்டையாகவும், வாயோரத்தில் விறைத்த மயிர்கள் உடையதாகவும் இருக்கிறது. மரக்கிளையில் நிமிர்ந்து அமர்ந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து கவ்வி, பெரும்பாலும் அதே கிளைக்குத் திரும்புவதைப் பார்ப்பவர் எவரும் இதை ஈப்பிடிப்பான் என்றே சொல்வர்.

அலகு ஏமாற்றியது இது முதன்முறையும் அன்று. 1820-இல் இதற்கு அறிவியல் பெயரிட்ட வில்லியம் சுவைன்சன், தட்டை அலகுப் பறவைகளுக்கான பிளாட்டிரிங்கஸ் என்னும் பேரினத்தில் இதைச் சேர்த்தார்; இன்று அப்பேரினத்தில் இருப்பவை அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் வாழும் பறவைகள் மட்டுமே. 1871-இல் ராபர்ட் ஸ்வின்ஹோ குலிசிகாப்பா என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார். பேரினம் தெளிவாயிற்று, ஆனால் குடும்பம் எது என்ற கேள்விக்கு விடை கிடைக்க நூறாண்டுக்கும் மேலாயிற்று.

விடை மரபணு ஆய்விலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் தேவதை ஈப்பிடிப்பான் என்ற சின்னஞ்சிறு பறவையை முன்வைத்து, 2005-இல் பெரஸ்ஃபோர்டு உள்ளிட்ட நால்வர் ஸ்டெனோஸ்டைரிடே என்ற புதிய குடும்பத்தை வரையறுத்தனர். நம் சோலைப் பறவையும், பிலிப்பைன்ஸ், சுலவேசித் தீவுகளில் வாழும் அதன் மஞ்சள் நிற உடன்பிறப்பும், ஆப்பிரிக்காவின் எல்மினியா இனங்கள் ஐந்தும் அதில் அடங்கும். விசிறிவால்களோடு சேர்த்து எண்ணப்பட்ட இமயமலையின் மஞ்சள் வயிற்று விசிறிவாலும் பின்னர் இங்கே வந்து சேர்ந்தது. ஆக மொத்தம் 9 இனங்கள். இக்குடும்பத்துக்கு நெருங்கிய உறவு பட்டாணிக் குருவிகளே.

கேள்வி: அப்படியானால் நம் ஊர் ஈப்பிடிப்பான்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவற்றவையா?
— வாசகர், தென்காசி

பதில்: எல்லாம் அல்ல, ஆனால் நினைப்பதைவிட அதிகம். நீலகிரி ஈப்பிடிப்பான் உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுத் தோட்டத்தில் பாடும் குண்டுக்கரிச்சானும் அதே குடும்பந்தான். நீண்ட வாலை அசைத்துப் பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பானோ இரட்டைவால் குருவிக்கும் காகத்துக்கும் நெருங்கிய கிளையிலிருந்து வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் கொடுங்கோல் ஈப்பிடிப்பான்கள் இன்னும் தொலைவானவை. அவை பாடும் பறவைகளின் கிளையிலேயே இல்லை. குளிர்காலத்தில் நம்மிடம் வரும் ஆறுமணிக்குருவியே அவற்றுக்கு நம் ஊர் ஈப்பிடிப்பான்களைவிட நெருக்கம் என்பதை நானே முதலில் நம்பவில்லை. ஒரே தொழில் செய்பவர்கள் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாய் இருக்க வேண்டியதில்லை அல்லவா? பறக்கும் பூச்சியைப் பிடிக்க அகன்ற வாய் உதவுகிறது. எனவே வெவ்வேறு மரபுகளில் அது தனித்தனியே தோன்றியது.

கேள்வி: இந்தப் பறவையைச் சமவெளியில் காண முடியுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: தமிழகத்தில் இது பெரும்பாலும் மலைக்காட்டுப் பறவை; மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மலைநாட்டிலும் இனப்பெருக்கம் செய்கிறது. இமயமலையில் வாழ்பவை குளிர்காலத்தில் தாழ்ந்த இடங்களுக்கு இறங்கி வரும். வேறு இனப் பறவைகளோடு கூட்டமாக இரை தேடுவதால், சோலையில் கலப்புக் கூட்டம் ஒன்று கடந்து செல்லும்போது அண்ணாந்து பார்ப்பது நல்லது. பாசி படர்ந்த மரத்தண்டில், பாசியையே சிலந்தி நூலால் பிணைத்துக் கட்டிய அரைக் கிண்ண வடிவக் கூட்டைக் கண்டால் நெருங்காமல் விலகிச் செல்லுங்கள்.