பழைய லைசென்ஸ், புதிய வாக்காளர்

அன்புள்ள ஐயா,

டெக்சஸில் வசிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது, கையோடு வாக்காளராகவும் பதிந்துகொண்டேன். போன வாரம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். நான் குடிமகன்தானா என்று சந்தேகமாம், 30 நாளுக்குள் நிரூபிக்காவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்களாம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னேன். "ஆயிரக்கணக்கான வெளிநாட்டுக்காரர்கள் கள்ள ஓட்டுப் போடுகிறார்கள், சரிபார்த்தால் என்ன தப்பு?" என்று நம் ஆட்களே கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருக்கிறது. அம்மா கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார். அவருக்கும் சிக்கல் வருமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிழிக்காதீர்கள். முதல் வேலையாக அதற்குப் பதில் போடுங்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டின் நகலோ குடியுரிமைச் சான்றிதழோ போதும். கொடுத்ததற்கு அத்தாட்சி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் 30 நாளைத் தவறவிட்டால் போவது உங்கள் ஓட்டுதான்.

உங்கள் பெயர் எப்படி இதில் சிக்கியிருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. என் தங்கை குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். பெரிய மண்டபம், கையில் ஆளுக்கொரு சின்னக் கொடி. வெளியே வரும் வழியில் ஒரு மேசை, அதில் வாக்காளர் விண்ணப்பங்கள். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். அவள் கைப்பையில் இருந்த டிரைவிங் லைசென்ஸ், மூன்று வருடம் முன்பு கிரீன் கார்டைக் காட்டி வாங்கியது. அட்டையில் அப்படி ஒன்றும் எழுதியிருக்காது, ஆனால் லைசென்ஸ் கொடுத்த துறையின் கணினியில் அவள் அன்றும் வெளிநாட்டவள்தான். குடியுரிமை வந்ததும் போய்ச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அந்தக் கணினிப் பதிவையும் வாக்காளர் பட்டியலையும் தேதி பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், என் தங்கை குற்றவாளியாகத் தெரிவாள்.

2019-ல் உங்கள் மாநிலத்தில் நடந்தது இதுதான். ஜனவரி 25, வெள்ளிக்கிழமை, தேர்தல்களைக் கவனிக்கும் அன்றைய மாநிலச் செயலாளர் டேவிட் விட்லி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குடியுரிமை இல்லாதவர்கள் என்று அடையாளம் காணப்பட்ட சுமார் 95,000 பேர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்களில் சுமார் 58,000 பேர் 1996 முதல் 2018 வரை ஒரு முறையாவது ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றது அது. ஞாயிற்றுக்கிழமை அதிபர் டிரம்ப் அதை ட்விட்டரில் போட்டார். செவ்வாய்க்கிழமையே மாநில அலுவலகம் கவுண்டிகளுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டது: ஏற்கெனவே குடியுரிமைச் சான்று காட்டியவர்களும் பட்டியலில் கலந்துவிட்டார்கள், அந்தப் பெயர்களை எடுத்துவிடுங்கள் என்று. அப்படிப் போனவை சுமார் 25,000 பெயர்கள். மிச்சத்திலும் எத்தனை பேர் லைசென்ஸ் வாங்கிய பிறகு குடியுரிமை பெற்றவர்கள் என்று யாரும் பார்க்கவில்லை. டெக்சஸில் வருடத்துக்கு 50,000 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது!

வழக்கு சான் அன்டோனியோவில் நீதிபதி ஃபிரெட் பியரியிடம் போனது. பரவலான மோசடிக்கு ஆதாரம் இல்லை என்றார் அவர். முறையாகக் குடியுரிமை பெற்றவர்களுக்கு மிரட்டலான கடிதம் போயிருக்கிறது என்று கண்டித்தார். ஏப்ரலில் மாநிலம் சமரசத்துக்கு வந்து, அந்தப் பட்டியலைக் கைவிட்டு, எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்கு 4,50,000 டாலர் கொடுத்தது. மே மாதம் விட்லி பதவி விலகினார். ஆனால் முதல் நாள் போன செய்தி போனதுதான். உங்கள் குழுவில் இன்றும் சுற்றுவது அது மாதிரிச் செய்திதான்.

சரி, குடியுரிமை இல்லாதவர்கள் பட்டியலில் இல்லவே இல்லையா? இருக்கிறார்கள். அதை மறைக்கக் கூடாது. 2024-ல் ஜார்ஜியா முழுப் பட்டியலையும் தணிக்கை செய்தது. 82 லட்சம் பேரில் 20 பேர். டெக்சஸே 2025-ல் மத்திய அரசின் தரவைக் கொண்டு 1.8 கோடிப் பேரைச் சலித்தபோது சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று சொன்னது 2,724 பேரை. அதிலும் டிராவிஸ் கவுண்டி தன் பங்குக்கு வந்த பெயர்களைப் பார்த்தபோது, கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் ஏற்கெனவே சான்று கொடுத்தவர்கள்.

சரிபார்ப்பதில் தப்பில்லை. இறந்தவர் பெயர், ஊர் மாறியவர் பெயர் எல்லாம் நீக்கத்தான் வேண்டும். சரிபார்க்கும் முன்பே எண்ணிக்கையை அறிவித்துவிட்டு, தப்பைத் திருத்தும் பாரத்தை உங்கள் தலையில் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். 2012-ல் ஃபுளோரிடாவில் இப்படிக் கடிதம் வந்தவர்களில் ஒருவர் புரூக்ளினில் பிறந்த 91 வயதுக்காரர், இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். அந்த மாநிலம் 1,80,000 பேரில் சந்தேகத்தை ஆரம்பித்தது, கடைசியில் நீக்கியது 85 பேரை. தேர்தல் நெருக்கத்தில் இப்படிக் கூட்டமாக நீக்கக் கூடாது என்று 1993-ஆம் வருட மத்திய அரசுச் சட்டம் 90 நாள் தடை வைத்திருக்கிறது. 2024-ல் அலபாமா 84 நாள் இருக்கும்போது 3,251 பேரைக் குறிவைத்தது. நீதிமன்றம் நிறுத்தியது. அவர்களில் 2,000 பேருக்கு மேல் முறையான வாக்காளர்கள் என்று அப்புறம் தெரிந்தது.

குழுவில் இதையெல்லாம் போட வேண்டாம். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "அவர் லைசென்ஸ் வாங்கின தேதி எது, குடியுரிமை வாங்கின தேதி எது?" அங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது கிரீன் கார்டில் லைசென்ஸ் எடுத்து, பிறகு குடிமக்கள் ஆனவர்களாகத்தான் இருப்பார்கள். தங்கள் தேதிகளையே அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

அம்மா விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. 2017-ல் டெக்சஸின் டாரண்ட் கவுண்டியில் கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போட்டதற்காக 8 வருடச் சிறை கொடுத்தார்கள். கைக்குழந்தையாக மெக்சிகோவிலிருந்து வந்தவர். நிரந்தரவாசிக்கும் ஓட்டு உண்டு என்று நினைத்துவிட்டேன் என்றார். சிறை போதாதென்று நாடு கடத்தலும் காத்திருக்கும். ஒரு ஓட்டுக்காகத் தெரிந்தே யாரும் இதில் இறங்க மாட்டார்கள். தெரியாமல்தான் மாட்டுவார்கள். லைசென்ஸோ அடையாள அட்டையோ எடுக்கப் போனால் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்பார்கள், விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருக்கும். ஆங்கிலம் சரியாகப் புரியாமல் அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடக் கூடாது. அடுத்த முறை நீங்கள் கூடப் போங்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் "இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.